காடேறிய பன்றிகளைக் கட்டுப்படுத்துவது எப்படி: கூட்டத்தை மிச்சமில்லாமல் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் காடேறிய பன்றிகள், அதாவது வளர்ப்பிலிருந்து தப்பிக் காட்டில் பெருகியவை, திரியும் பகுதியில் மக்காச்சோளம் விதைத்த மறுநாள் காலை வயலுக்குப் போனால், விதைத்த சால் நெடுக மண் கிளறிக் கிடக்கும். யாரோ கோடு பிடித்துத் தோண்டியதுபோல இருக்கும். விதை ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. இது ஒற்றைப் பன்றியின் வேலை அல்ல, ஒரு குடும்பத்தின் வேலை. தாய்ப் பன்றிகள், வளர்ந்த மகள்கள், போன மாதம் பிறந்த குட்டிகள் எல்லாம் சேர்ந்து இரவோடு இரவாக முடித்துவிட்டுப் போயிருக்கும். அதைப் பார்த்த கோபத்தில் பலரும் அன்று இரவே ரைபிளுடன் போய் உட்காருகிறார்கள். வந்த கூட்டத்தில் இரண்டைச் சுடுகிறார்கள். மீதிப் பதினைந்தும் சிதறி ஓடிவிடும். சுட்டவருக்கு மனசு ஆறும், நிலத்துக்கு ஒரு பயனும் இருக்காது. ஓடிய பதினைந்துக்கும் இனி அந்த இடம், அந்த வாசனை, வண்டிச் சத்தம் எல்லாம் ஆபத்து என்று தெரியும். அடுத்த முறை அவற்றைப் பிடிப்பது பல மடங்கு கடினம்.

அதனால் கொன்ற எண்ணிக்கையை விட்டுவிட்டு, கூட்டத்தில் மிச்சம் எத்தனை என்று எண்ணப் பழகுங்கள். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் அந்த மிச்சத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதற்காகத்தான்.

எந்தப் பன்றியைச் சொல்கிறோம்

அமெரிக்கக் கண்டத்தில் பன்றி இயற்கையாக இருந்ததே இல்லை. 1539-இல் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியர் ஃபுளோரிடாவில் இறங்கியபோது, படைக்கு உணவாகப் பன்றிகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார். அவற்றில் சில தப்பின. பின்னால் வந்த குடியேறிகள் தங்கள் பன்றிகளைக் காட்டில் மேயவிட்டு, வேண்டும்போது பிடித்துக்கொண்டார்கள். பிடிபடாதவை காடேறின. 1912-இல் வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் மலையில், வேட்டைப் பண்ணை ஒன்றுக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்தார்கள். வேலியைத் தாண்டி வெளியேறிய அவை ஏற்கெனவே காடேறியிருந்த பன்றிகளோடு கலந்தன. இன்று அமெரிக்காவில் திரிவது இந்தக் கலப்புதான். குறைந்தது 35 மாநிலங்களில் ஏறக்குறைய 60 லட்சம் பன்றிகள் இருப்பதாகவும், விவசாயத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 250 கோடி டாலர் சேதம் என்றும் அந்நாட்டு வேளாண் துறை மதிப்பிடுகிறது.

இந்த வழிகாட்டி அந்த நாட்டுச் சூழலுக்கானது. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் காட்டுப்பன்றி மண்ணின் சொந்த விலங்கு. காட்டில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, சட்டமும் வேறு. இங்கே சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. டெக்சாஸ், அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் ஜாவலினா என்ற விலங்கு உண்டு. பார்க்கப் பன்றி போலவே இருந்தாலும் அது பன்றி இனம் அல்ல, அந்த மண்ணுக்குச் சொந்தமானது. உடல் சிறியது, கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டை இருக்கும், வால் வெளியே தெரியாது. அதைச் சுட உரிமமும் பருவமும் உண்டு. தெரியாமல் சுட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

வெறும் வேட்டை ஏன் போதாது

பெண் பன்றி ஆறு முதல் எட்டு மாதத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் சுமார் 115 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று பண்ணைக்காரர்கள் சொல்லும் கணக்கு இதுதான். ஓர் ஈற்றுக்கு நான்கிலிருந்து ஆறு குட்டிகள் சாதாரணம். தீனி நன்றாகக் கிடைத்தால் ஆண்டுக்கு இரண்டு ஈற்றுகூட நடக்கும். எண்ணிக்கை ஏறாமல் அப்படியே நிற்க வேண்டுமானால், ஒவ்வோர் ஆண்டும் மூன்றில் இரண்டு பங்கு பன்றிகளையாவது எடுத்தாக வேண்டும் என்பது டெக்சாஸ் ஆய்வாளர்களின் கணக்கு. குறைப்பதற்கு அல்ல, நிறுத்தி வைப்பதற்கே இவ்வளவு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் நிலத்தில் இருபது பன்றிகள். கஷ்டப்பட்டு ஆறைச் சுட்டுவிட்டீர்கள். மிச்சம் பதினாலில் எட்டு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஓர் ஈற்று, ஐந்து குட்டி என்றால் நாற்பது. பாதி செத்தாலும் இருபது தேறும். ஆண்டு முடிவில் முப்பத்துநாலு நிற்கும்.

இதை டென்னசி மாநிலம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. பன்றிகளைக் குறைக்கலாம் என்று 1999-இல் மாநிலம் முழுக்க வேட்டையைத் திறந்துவிட்டார்கள். எத்தனை வேண்டுமானாலும் சுடலாம் என்றார்கள். அதுவரை 95 மாவட்டங்களில் 15-இல் மட்டும் இருந்த பன்றி, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 80 மாவட்டங்களில் ஆங்காங்கே தலைகாட்டியது. பன்றி அவ்வளவு தூரம் தானாக நடந்து போகவில்லை. வேட்டையில் ருசி கண்டவர்கள் தங்கள் பக்கத்துக் காட்டிலும் பன்றி இருக்கட்டும் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டார்கள். 2011-இல் மாநிலம் கொள்கையையே மாற்றி, நில உரிமையாளர்கள் ஆண்டு முழுவதும் பன்றியை ஒழிக்க வழிவிட்டு, பொழுதுபோக்கு வேட்டையைச் சுருக்கியது. கான்சஸ் 2006-லேயே பன்றி வேட்டையைப் பொழுதுபோக்காக நடத்தத் தடை போட்டிருந்தது. நியூயார்க் 2014-இல் வேட்டையை முழுக்கத் தடை செய்து, அதிகாரிகளைக் கொண்டு கூட்டம் கூட்டமாகப் பிடித்து, 2016-இல் மாநிலத்தில் பன்றியே இல்லை என்று அறிவித்தது. வேட்டையைத் தடை செய்து பன்றியை ஒழித்தார்கள் என்பது முதலில் கேட்க முரணாகத்தான் தோன்றும். பன்றியை விளையாட்டாக ஆக்கிவிட்டால் அது இல்லாமல் போவதை விரும்பாத ஆட்களும் உருவாகிவிடுகிறார்கள் என்பதுதான் அதற்குள் இருக்கும் காரணம்.

படி 1: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. டெக்சாஸில் 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி இருந்தால் பன்றி சுட உரிமமே வேண்டாம். மிசூரியில் நிலைமை நேர் எதிர். மாநில இயற்கைப் பாதுகாப்புத் துறையின் நிலங்களில் பன்றி வேட்டைக்கு 2016 முதல் தடை, ஏனென்றால் வேட்டைக்காரர்கள் கூட்டத்தைக் கலைத்து, அதிகாரிகள் வைத்த பொறிகளைப் பயனில்லாமல் ஆக்கினார்கள்.

மாநில வனவிலங்குத் துறையிடம் நான்கு கேள்விகளுக்கு விடை வாங்கிவிடுங்கள். இரவில் சுடலாமா? விளக்கோ, உடல் வெப்பத்தை வைத்து இருட்டில் உருவம் காட்டும் தெர்மல் ஸ்கோப்போ பயன்படுத்தலாமா? தீனி போட்டு ஈர்க்கலாமா? பொறிக்கு மேல்மூடி இருக்கலாமா? தீனி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மான்களுக்கு நோய் பரவும் பகுதிகளில் தீனி போடவே தடை இருக்கலாம். பிடித்த பன்றியை உயிரோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது பல மாநிலங்களில் குற்றம். சட்டம் இடம் கொடுக்கும் மாநிலத்திலும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மத்திய வேளாண் துறை 2014 முதல் காடேறிய பன்றிகளுக்கென்றே ஒரு தேசியத் திட்டம் நடத்துகிறது. அதன் வனவிலங்குப் பிரிவு ஆட்கள் உங்கள் மாவட்டத்தில் பொறி வைத்துக்கொண்டிருக்கலாம். அவர்களை முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் குறிவைத்திருக்கும் அதே கூட்டத்தை நீங்கள் சுட்டுக் கலைத்துவிடக் கூடாது.

படி 2: தடம் பார்த்தல்

பன்றியின் குளம்புத் தடம் மானின் தடத்தைவிட உருண்டையாக, நுனி மழுங்கி இருக்கும். காலின் பின்பக்கம் சற்று மேலே இருக்கும் சிறு பின்குளம்புகள் மண்ணில் பதிந்தால் முன்குளம்பைவிட அகலமாக வெளியே விரிந்து தெரியும். மான் தடத்தில் அவை நேர் பின்னால் இருக்கும்.

நிலம் கிளறிய இடத்தில் மண்ணைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, கருப்பாக இருந்தால் நேற்றிரவு வேலை. காய்ந்து வெளுத்திருந்தால் பன்றி வேறு பக்கம் போய்விட்டது. சேற்றில் புரண்ட குழி இருக்கிறதா பாருங்கள். பன்றியால் வியர்த்து உடலைக் குளிர்விக்க முடியாது, கோடையில் அதற்குச் சேறுதான் கதி. சேற்றில் புரண்டு எழுந்ததும் பக்கத்து மரத்தில் உரசும். மரத்தில் காய்ந்த சேறு எந்த உயரம் வரை ஏறியிருக்கிறதோ அதுதான் அந்தப் பன்றியின் தோள் உயரம். வேலியின் கீழ்க்கம்பியில் முரட்டு மயிர் சிக்கியிருந்தால் அதுதான் அவை நுழையும் வழி.

தடங்களை ஒரு வரைபடத்தில் குறித்து வையுங்கள். தண்ணீர், பகலில் படுக்கும் புதர், இரவில் மேயும் வயல் ஆகிய மூன்றையும் கோட்டால் இணைத்தால் பொறி வைக்கும் இடம் தானாகத் தெரியும். படுக்கைக்கும் வயலுக்கும் நடுவில், அவை எப்படியும் நடந்து போகும் பாதையில் வையுங்கள். படுக்கைக்கு மிக அருகே போய்க் கலைத்துவிடாதீர்கள்.

படி 3: கேமராவால் எண்ணுதல்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிறார்கள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான் என்பது என் முடிவான கருத்து.

அசைவு கண்டு படம் எடுக்கும் கேமராவைப் பாதையில் கட்டி, எதிரே கொஞ்சம் மக்காச்சோளம் போடுங்கள். காய்ந்த சோளம் என்றால் மானும் ராக்கூன் என்ற சிறு விலங்கும் காலி செய்துவிடும். ஒரு வாளியில் சோளத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு வாரம் மூடி வைத்துப் புளிக்க விடுங்கள். மனிதனுக்குக் குமட்டும், மான் பெரும்பாலும் ஒதுங்கும், பன்றிக்கோ காற்றில் வரும் விருந்து அழைப்பு. ஒரு முழ ஆழத்துக்குக் குழி போட்டு அதில் கொட்டினால் பன்றி மூக்கால் கிளறிக்கொண்டே நெடுநேரம் நிற்கும். படங்களும் தெளிவாக வரும்.

ஐந்தாறு இரவுப் படங்களைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் காணுங்கள். கருப்பு, செம்பட்டை, வெள்ளைப் பட்டை, கிழிந்த காது, குட்டையான வால் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெண் பன்றிகள் எத்தனை, குட்டிகள் எத்தனை, தனியாக வரும் ஆண் எத்தனை என்று தாளில் எழுதுங்கள். பன்றிக் கூட்டம் என்பது உறவுள்ள பெண் பன்றிகளும் அவற்றின் குட்டிகளும்தான். வளர்ந்த ஆண் பன்றி தனியாகத் திரிந்து, பெண் சூட்டில் இருக்கும்போது மட்டும் வந்து சேரும். கூட்டத்தில் பதினேழு என்று எழுதியிருந்தால், பொறிக்குள் பதினேழும் வரும்வரை கதவை மூடக் கூடாது.

படி 4: பட்டி கட்டிப் பழக்குதல்

சின்னக் கூண்டு வைத்தால் இரண்டு மூன்றுதான் மாட்டும். வெளியே நின்று பார்த்த மற்றவை அதன்பின் கூண்டுப் பக்கமே வராது. அதனால் பெரிய பட்டிதான் வேண்டும்.

கால்நடைக் கம்பிவலைப் பேனல்கள் 16 அடி நீளம், 5 அடி உயரத்தில் கிடைக்கும். ஆறு பேனல்களை வட்டமாக நிறுத்தினால் சுமார் 30 அடி விட்டத்தில் பட்டி வரும். வலைக்கண் நாலு அங்குலத்துக்கு மேல் இருந்தால் குட்டிகள் நழுவிவிடும். நாலடிக்கு ஓர் இரும்புக் கம்பம் அடித்து, பேனலைக் கம்பத்தின் உள்பக்கமாகக் கட்டுங்கள். பன்றி மோதும்போது வலை கம்பத்தில் சாய்ந்து தாங்கும். வடிவம் வட்டமாகத்தான் இருக்க வேண்டும். மூலை இருந்தால் பயந்த பன்றிகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேலே நிற்பது வேலியைத் தாண்டிவிடும். மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். உள்ளே மாட்டிய மான் தாண்டிப் போகும், கரடி ஏறிப் போகும்.

கதவு அகலமாக, எட்டு அடியாவது இருக்கட்டும். குறுகிய வாசலில் குட்டிகள் முதலில் ஓடி வரும், கிழட்டுத் தாய்ப்பன்றி வெளியே நின்று முகர்ந்துகொண்டே இருக்கும். கூட்டத்தின் அனுபவமெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது. அவள் உள்ளே வராமல் கதவை மூடினால் எல்லாம் வீண்.

அப்புறம் பொறுமை. கதவைத் திறந்த நிலையில் கட்டிவிட்டு, முதலில் பட்டிக்கு வெளியேயும் வாசலிலும் தீனி போடுங்கள். பயமில்லாமல் தின்னத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியை உள்ளே நகர்த்தி, கடைசியில் கதவுக்கு எதிர்ப்புறத்தில் மட்டும் வையுங்கள். இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கும் பருவத்தில் உங்கள் சோளத்தைப் பன்றி திரும்பியும் பார்க்காது. கொட்டையெல்லாம் தீர்ந்து, காட்டில் தீனி குறையும் குளிர்காலக் கடைசிதான் நல்ல நேரம். பட்டிக்குப் போகும்போது ஒரே ஆள், ஒரே வண்டி, ஒரே நேரமாக இருக்கட்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் துப்பாக்கி வெடிக்கக் கூடாது. பக்கத்து நிலத்துக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

படி 5: கதவை மூடும் இரவு

கால்தட்டிக் கம்பியில் தானாக மூடும் கதவு மலிவுதான். ஆனால் முதலில் வரும் குட்டி கம்பியைத் தட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. பட்டியில் செல்போன் கேமராவை வைத்து, படம் பார்த்துக்கொண்டே தொலைவிலிருந்து கதவை மூடும் கருவிதான் இந்த வேலையை மாற்றிப் போட்டது. விலை அதிகம் என்றால் பக்கத்து விவசாயிகள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

உங்கள் தாளில் உள்ள எண்ணிக்கை முழுவதும் தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் உள்ளே வந்தால், மறுநாள் மூடுங்கள். பதினேழில் பதினாறு வந்திருக்கிறதா? காத்திருங்கள். அந்த ஒன்று பெரும்பாலும் சினைப் பன்றியாகவோ, குட்டி போட ஒதுங்கிய தாயாகவோ இருக்கும். அதை விட்டால் அடுத்த ஆண்டே கூட்டம் திரும்ப முளைத்துவிடும்.

மூடிய பட்டிக்கு விடியும் முன்பே போய்விடுங்கள். விலங்கை அடைத்துப் போட்டு வெயிலில் தவிக்கவிடுவது எந்த நியாயத்திலும் சேராது. வேலிக்கு வெளியே நின்று, .22 காலிபர் (குழல் அளவு) ரைபிளால் மூளையைக் குறிபார்த்துச் சுடுங்கள். முன்பக்கம் என்றால் கண்களை இணைக்கும் கோட்டுக்குச் சற்று மேலே, நடுவில். பக்கவாட்டில் என்றால் காதின் அடிப்பகுதி. பெரிய ஆண் பன்றி இருந்தால் அதற்குக் கூடுதல் வேகமுள்ள தோட்டா வேண்டும். அடுத்த குண்டை அவசரப்பட்டுப் போடாமல், குறி நிலைத்ததும் போடுங்கள். ஒரே ஆள் சுடுவது பாதுகாப்பு. இந்தப் பன்றி இங்கே வந்தது அதன் குற்றமில்லை. செய்தே ஆக வேண்டிய வேலை என்றாலும் வலியில்லாமல் முடிப்பது நம் கடமை.

படி 6: துப்பாக்கிக்கு உரிய இடம்

பொறிக்குப் பிறகுதான் துப்பாக்கி. தனியாகத் திரியும் ஆண் பன்றிகள், பொறிக்குப் பழகாமல் தப்பிய ஒன்றிரண்டு, கூட்டமே இல்லாத இடத்துக்குப் புதிதாக வந்து நுழையும் பன்றி என இவைதான் அதற்கு உரியவை. நீண்ட கோரைப்பல்லுள்ள ஆண் பன்றியைச் சுட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் பலருக்குப் பெருமை. ஆனால் ஓர் ஆண் போனால் இன்னோர் ஆண் வந்து அத்தனை பெண்களையும் சினையாக்கிவிடும், குட்டி எண்ணிக்கையில் ஒன்றும் குறையாது. கூட்டத்தைச் சுட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், முன்னால் நடக்கும் பெரிய பெண் பன்றியை முதலில் எடுங்கள். வழிகாட்டி விழுந்ததும் மற்றவை சில நொடி குழம்பி நிற்கும், சில நேரம் வட்டமடித்துத் திரும்பும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பன்றியை முன்பே பங்கிட்டு, எண்ணிக்கை சொல்லி ஒரே நேரத்தில் சுட்டால் பலன் கூடும்.

பன்றிக்குக் கண் பார்வை சுமார்தான். மூக்கும் காதும் அபாரம். எதிர்காற்றில் மெதுவாகப் போனால் திறந்த வெளியிலும் நெருங்கிவிடலாம். காற்று உங்கள் முதுகிலிருந்து அடிக்கத் தொடங்கினால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

மான் வேட்டையில் பழகியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மானுக்குத் தோளுக்குப் பின்னால் குறிவைப்பதுபோல் பன்றிக்கும் வைத்தால் குண்டு குடலில் இறங்கும். பன்றியின் இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னாலும் கீழேயும் இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் பன்றிக்கு, முன்னங்காலின் நேர்க்கோட்டில், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளின் மேல் தழும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த தடிமனான கவசம் போன்ற பகுதி இருக்கும். அதனால் .308 போன்ற திடமான காலிபரும், உள்ளே இறங்கும் தோட்டாவும் நல்லது. கலிபோர்னியாவில் வனவிலங்கு எதையும் சுட ஈயத் தோட்டாவுக்கு 2019 ஜூலை முதல் தடை. தடையில்லாத இடத்திலும் செம்புத் தோட்டாவே நல்லது. நீங்கள் விட்டுப்போகும் குடலில் சிதறிய ஈயத்துணுக்குகள் அதைத் தின்னும் கழுகுகளைக் கொன்றுவிடும்.

இரவு வேட்டையில் தெர்மல் ஸ்கோப் பெரிய உதவி, பெரிய ஆபத்தும்கூட. அதில் தெரிவது வெப்பத்தின் உருவம். கன்றுக்குட்டி, நாய், குனிந்து நிற்கும் மனிதன் எல்லாமே வெள்ளை உருவம்தான். வால், மூக்கு, நடை மூன்றும் தெளிவாகத் தெரியாமல் விரலை விசைக்குக் கொண்டுபோகாதீர்கள். குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். பின்னணியில் என்ன இருக்கிறது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் தெர்மல் உங்களுக்கு வீட்டையும் சாலையையும் சரியாகக் காட்டாது.

அடிபட்டு ஓடிய பன்றியை உடனே துரத்த வேண்டாம். அரை மணி நேரம் பொறுங்கள். பின் இரண்டு பேராகப் போங்கள். அடர்ந்த புதருக்குள் இரவில் தவழ்ந்து போகவே வேண்டாம். பன்றி ஓடுவதைத்தான் விரும்பும். ஆனால் அடிபட்டதும், மூலையில் மாட்டியதும், குட்டிக்குப் பக்கத்தில் இருப்பதும் திரும்பிப் பாயும். அதன் கோரைப்பல் சரியாகத் தொடை உயரத்தில் கிழிக்கும். ஏறுவதற்கு ஒரு மரத்தையோ ஒதுங்குவதற்கு ஒரு பாறையையோ முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

படி 7: நாய், ஹெலிகாப்டர், கடைசிப் பன்றி

நாய்களைத் தொடக்கத்திலேயே இறக்கினால் கூட்டம் பல மைல் சிதறும். அவற்றின் இடம் கடைசியில், பொறிக்கும் துப்பாக்கிக்கும் தப்பிய ஒன்றிரண்டைத் தேடுவதில். நாய்க்குக் கழுத்து, மார்பு கவசமும் ஜிபிஎஸ் பட்டையும் கட்டாயம். பன்றியிடமிருந்து பரவும் போலி வெறிநோய் என்ற வைரஸ் மனிதனைப் பொதுவாக ஒன்றும் செய்யாது, நாயைச் சில நாளில் கொன்றுவிடும். பச்சைப் பன்றிக்கறியை நாய்க்குப் போடவே கூடாது.

ஹெலிகாப்டரிலிருந்து சுடுவது திறந்த வெளியில் பலன் தரும். டெக்சாஸ் 2011-இல் பொதுமக்களுக்கும் அதை அனுமதித்தது. 2017-இல் வெப்பக் காற்றுப் பலூனையும் சேர்த்தது. பலூனால் பெரிய பலன் எதையும் நான் எதிர்பார்க்க மாட்டேன்.

எந்த வரிசையில் எதைச் செய்வது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவு. அங்கே காடேறிய பன்றிகளின் குட்டிகளைத் தின்னப் பொன்னிறக் கழுகுகள் வந்து தங்கின. வந்த கழுகுகள், அந்தத் தீவுகளில் மட்டுமே வாழும் பூனை அளவுச் சிறு நரிகளையும் பிடித்துத் தின்ன, நரி இனமே அழியும் நிலைக்குப் போனது. தீவை வேலி போட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் முதலில் பொறி, அடுத்து ஹெலிகாப்டர், அதன்பின் நாய்களோடு தரைவேட்டை என்று முறையாகப் போனார்கள். கடைசியில் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிய பன்றிகளை விட்டார்கள். பன்றி தனிமை தாங்காது. எங்கோ ஒளிந்திருக்கும் மிச்சப் பன்றியை அது தேடிப் போய்க் காட்டிக்கொடுத்தது. 2005-க்கும் 2007-க்கும் இடையில் 5,036 பன்றிகள் எடுக்கப்பட்டன. தீவில் பன்றி இல்லை. கழுகுகளையும் பிடித்து வேறிடம் கொண்டுபோய் விட்டார்கள். நரி மீண்டு, 2016-இல் அழியும் நிலை விலங்குப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

படி 8: இறந்த பன்றியைக் கையாளுதல்

காடேறிய பன்றி பல நோய்களைச் சுமக்கிறது. மனிதனுக்கு முக்கியமானது புரூசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய். கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும், இரத்தத்திலிருந்து கிருமி ஏறிவிடும். காய்ச்சல், மூட்டுவலி, அசதி எல்லாம் பல வாரம் கழித்தே தெரியலாம். அதனால் அறுக்கும்போது நீளமான ரப்பர் கையுறை, கண்ணாடி இரண்டும் போடுங்கள். குடலையும் கருப்பையையும் வெட்டிவிடாமல் எடுங்கள். முடிந்ததும் கை, கத்தி, மேசை எல்லாவற்றையும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள். பின்னால் காரணமில்லாத காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் பன்றியை அறுத்தேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்கு அது தானாகத் தோன்றாது.

கறி நன்றாகவே இருக்கும். உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகட்டும், வெப்பமானியால் பாருங்கள். உறையவைப்பது, புகைபோடுவது, உப்புப் போடுவது எதையும் நம்ப வேண்டாம், காட்டு விலங்கின் டிரைக்கினெல்லா புழு அவற்றில் தப்பிக்கலாம். வேட்டையாடிய கறியை விற்க முடியாது. உயிரோடு பிடித்து, அரசு ஆய்வாளர் முன்னிலையில் அறுத்ததை மட்டுமே விற்கலாம்.

காயமே இல்லாமல் பல பன்றிகள் செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், உடனே மாநிலக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் டொமினிகன் குடியரசு வரை வந்துவிட்டது. அது பன்றிப் பண்ணைகளை அடியோடு அழிக்கும் நோய். சீக்கிரம் தெரிந்தால்தான் தடுக்க முடியும். சாதாரணமாகப் புதைக்கும் உடல்களுக்கு, கிணறு, ஓடை இவற்றிலிருந்து எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்கு மாநில விதி உண்டு.

படி 9: காலியான நிலத்தைக் காத்தல்

கூட்டத்தை எடுத்த பின்னும் கேமராவை அவிழ்க்க வேண்டாம். பக்கத்தில் வேறு கூட்டம் இருந்தால் சில மாதங்களில் காலி இடத்துக்கு வந்து பார்க்கும். பட்டியையும் அங்கேயே கதவைத் திறந்தபடி விட்டுவைக்கலாம்.

மானுக்குத் தீனி போடும் கருவிகள் பல நிலங்களில் ஆண்டு முழுக்கப் பன்றியைத்தான் வளர்க்கின்றன. அவற்றைச் சுற்றி 28 அங்குல உயரத்துக்குக் கம்பிவலைப் பேனல் வளையம் போடுங்கள். மான் தாண்டிப் போய்த் தின்னும், பன்றி தாண்டாது. வேலியின் கீழே நீர் ஓடும் இடைவெளிகளை வலை போட்டு அடையுங்கள். காய்கறித் தோட்டம் போன்ற சிறிய இடத்துக்கு, தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் ஒன்று, முழ உயரத்தில் ஒன்று என இரண்டு மின்கம்பிகள் ஓடினால் போதும். பன்றியின் ஈர மூக்கில் பட்டால் அது நன்றாகவே நினைவு வைத்துக்கொள்ளும்.

பக்கத்து நிலங்களோடு ஒரு குழுவாகச் சேர்ந்து, யார் கேமராவில் பன்றி தெரிந்தாலும் அன்றே எல்லோருக்கும் செய்தி போகும்படி செய்துகொள்ளுங்கள். யாரும் அவசரப்பட்டுச் சுட வேண்டாம் என்பதை முதல் விதியாக வையுங்கள். படம் வந்ததும் வாளியில் சோளத்தை ஊறப்போடுங்கள். அது புளிக்கும் ஒரு வாரத்தில் புதிய கூட்டத்தில் எத்தனை பெண், எத்தனை குட்டி என்று எண்ணி முடித்துவிடலாம்.